பெருந்தொற்று, மருந்துப் பணம், வழக்கு: புதிதாகப் படிப்பவருக்குப் படிப்படியான வழிகாட்டி

கொவிட்-19 காலத்தில் கோப்பிக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இரண்டு பேச்சுகள் ஓயாமல் சுற்றின. "எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று மருந்துக் கம்பெனிக்காரன் சுருட்டுகிறான்" என்பது ஒன்று. "அவன் மேல் கேஸே போட முடியாதாம்" என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டையும் அப்படியே நம்பினால் மட்டும் ஏமாந்து போவீர்கள்.

சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் மருந்து ஆலையில் கொள்முதல், கணக்கு, தரக்கட்டுப்பாடு என்று ஏதோ ஒரு பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் மருந்தியலோ சட்டமோ படிப்பவர்கள், சேமிப்பில் கொஞ்சத்தை மருந்துப் பங்குகளில் போடலாமா என்று யோசிப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பொருளியலோ சட்டமோ தெரிந்திருக்கத் தேவையில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருந்தொற்றில் ஒரு மருந்தின் விலை, அதில் வரும் லாபம், பின்னால் வரும் வழக்கு ஆகிய மூன்றும் பெரும்பாலும் மருந்து கைக்கு வருவதற்கு முன்பு கையெழுத்தான ஒப்பந்தத்திலேயே முடிவாகிவிடுகின்றன. ஆகவே செய்தியைப் படிக்கும்போது ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் ஒப்பந்தத்தைத் தேடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்காக: ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. கீழே டாலர் என்றால் அமெரிக்க டாலர், வெள்ளி என்றால் சிங்கப்பூர் வெள்ளி.

முதல் படி: யார் பணம் கொடுத்தார், எப்போது கொடுத்தார்?

சாதாரணக் காலத்தில் மருந்துக் கம்பெனி பல ஆண்டுகள் தன் கைக்காசைப் போட்டு ஆராய்ச்சி செய்யும். பாதிக்கு மேல் பாழாகும். தேறியது கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வாங்கி, மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகும். காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். அதில் ஆராய்ச்சிக்கும் அனுமதிக்கும் போனது போக மீதி இருக்கும் காலத்தில் போட்டதை எடுக்க வேண்டும். அனுமதி தாமதமானால் சிங்கப்பூரில் காப்புரிமைக் காலத்தை அதிகபட்சம் 5 ஆண்டுகள் நீட்டித்துக் கேட்கலாம். ஆக, ஆபத்து கம்பெனியுடையது, விலை வைக்கும் உரிமையும் கம்பெனியுடையது.

பெருந்தொற்றில் இது தலைகீழாகிறது. வாங்குபவர் அரசாங்கம், அதுவும் முன்கூட்டியே வாங்குகிறது. முன்பதிவு செய்து வாங்கும் அரசாங்க அடுக்குமாடி வீடான பிடிஓ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் எழும்புவதற்கு முன்பே முன்பணம் கட்டுகிறோம். ஒரு வித்தியாசம், இங்கே கட்டடம் எழும்பாமலே போகலாம்.

அப்படிப் போனவை நிறைய. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சிஎஸ்எல் நிறுவனமும் செய்த தடுப்பூசி 2020 டிசம்பரில் கைவிடப்பட்டது. தடுப்பூசி போட்டவர்களுக்கு எச்ஐவி சோதனையில் தவறான முடிவு காட்டியதுதான் காரணம். தடுப்பூசித் துறையின் ஜாம்பவானான மெர்க் 2021 ஜனவரியில் தன் இரண்டு தடுப்பூசி முயற்சிகளையும் நிறுத்தியது. ஜெர்மனியின் கியூர்வேக் 2021 ஜூனில் பாதிக்கும் குறைவான செயல்திறனைக் காட்டி விழுந்தது.

ஒரு நுணுக்கத்தை இங்கே கவனியுங்கள். எல்லா முன்பணமும் ஒரே ரகம் இல்லை. மொடர்னாவுக்கு அமெரிக்க அரசாங்கம் 2020 ஏப்ரலில் 483 மில்லியன் டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. அது ஆராய்ச்சியையும் சோதனையையும் நடத்துவதற்கான பணம். பிறகுதான் 100 மில்லியன் ஊசிகளுக்கு 1.5 பில்லியனுக்குச் சற்று மேல் என்று கொள்முதல் ஒப்பந்தம் வந்தது. ஃபைசர் வேறு வழியில் போனது. 2020 ஜூலையில் 100 மில்லியன் ஊசிகளுக்கு 1.95 பில்லியன் டாலர் என்று கையெழுத்திட்டது, அதாவது ஊசிக்கு 19.50 டாலர். ஆனால் அனுமதி கிடைத்து, சரக்கு கைக்கு வந்த பிறகுதான் பணம். ஆராய்ச்சிச் செலவை ஃபைசர் தானே ஏற்றது. அதன் பங்காளி பயோஎன்டெக் மட்டும் ஜெர்மன் அரசாங்கத்திடம் 375 மில்லியன் யூரோ வரை உதவி பெற்றது. 2020 ஜூனில் அந்த பயோஎன்டெக்கில் 250 மில்லியன் டாலர் முதலீட்டுக்குத் தலைமை தாங்கியது நம்மூர் அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்.

"மக்கள் பணத்தில் செய்த மருந்துக்கு மக்களிடமே லாபமா?" என்ற கேள்வி மொடர்னாவுக்குப் பொருந்தும் அளவுக்கு ஃபைசருக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே பையில் போட்டுப் பேசுபவரைப் பார்த்தால், அவர் ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சிங்கப்பூர் சின்ன வாடிக்கையாளர். வரிசையில் முன்னால் நிற்க வேண்டுமானால் சீக்கிரம் பந்தயம் கட்ட வேண்டும். அப்படித்தான் செய்தது. நிபுணர் குழுவை வைத்து முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, சுமார் 1 பில்லியன் வெள்ளியை ஒதுக்கியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியோடு சேர்ந்து அமெரிக்க நிறுவனமான ஆர்க்டூரஸ் உருவாக்கிய தடுப்பூசிக்குப் பொருளியல் வளர்ச்சிக் கழகம் நிதி கொடுத்தது. அது இங்கே மக்களுக்குப் போடும் நிலைக்கு வரவில்லை. வந்தது ஃபைசர். சுகாதார அறிவியல் ஆணையம் இதற்கென்றே உருவாக்கிய பெருந்தொற்றுச் சிறப்பு அனுமதி வழியில் 2020 டிசம்பர் 14இல் ஒப்புதல் கிடைத்தது, 21ஆம் தேதி முதல் சரக்கு சாங்கியில் இறங்கியது, 30ஆம் தேதி தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையத்தில் முதல் ஊசி. ஒரு பந்தயம் போனது, இன்னொன்று ஜெயித்தது. போனதை வீண்செலவு என்று தனியாகக் கணக்குப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தில் எந்த வரிகளைத் தேடுவது?

ஒப்பந்தம் ரகசியம் என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கசியும், அல்லது நீதிமன்றம் திறக்கும். 2023 ஆகஸ்டில் பிரிட்டோரியாவில் உள்ள உயர் நீதிமன்றம் தென்னாப்பிரிக்க அரசாங்கத்தின் தடுப்பூசி ஒப்பந்தங்களை வெளியிடச் சொன்னது. அப்போதுதான் அந்த நாடு ஜான்சன் அண்ட் ஜான்சனுக்கும் ஃபைசருக்கும் ஊசிக்கு 10 டாலர் கொடுத்ததும், இந்தியாவின் சீரம் நிறுவனத்துக்கு 5.35 டாலர் கொடுத்ததும் ஊர்ஜிதமாயின.

ஒப்பந்தம் கையில் கிடைத்தால் முதலில் முயற்சி பற்றிய வாசகத்தைப் பாருங்கள். "இத்தனை ஊசி தருவேன்" என்று எழுதியிருக்கிறதா, "நியாயமான முயற்சி எல்லாம் எடுப்பேன்" என்று எழுதியிருக்கிறதா? இந்த ஒரு வாசகத்தின் மேல்தான் ஐரோப்பிய ஒன்றியமும் ஆஸ்ட்ராசெனகாவும் மோதின. 2021 தொடக்கத்தில் சரக்கு வராமல் போனதும், ஏப்ரலில் ஒன்றியம் பிரசல்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் முடிவதற்குள் 120 மில்லியன் ஊசிகள் வேண்டும் என்றது. நீதிமன்றம் செப்டம்பர் 27க்குள் 50 மில்லியன் தரச் சொன்னது. அன்று மாலை இரு தரப்புமே "நாங்கள்தான் ஜெயித்தோம்" என்று அறிக்கை விட்டன! செப்டம்பரில் சமரசம்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. "எல்லா நியாயமான முயற்சியும்" என்று எழுதினாலும் "ஆகச் சிறந்த முயற்சி" என்று எழுதினாலும் பொதுவாக ஒரே கடமைதான் என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் கேஎஸ் எனர்ஜி வழக்கில் சொல்லிவிட்டது. ஆங்கிலச் சட்டப் புத்தகத்தை வைத்து இரண்டுக்கும் வித்தியாசம் சொல்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அடுத்தது, கை மீறிய நிகழ்வு பற்றிய விதி. பெருந்தொற்று என்ற சொல் அதில் இருக்கிறதா? நாட்டின் ஏற்றுமதித் தடை இருக்கிறதா? 2020 மார்ச் 3ஆம் தேதி இந்தியா பாரசிட்டமால் உட்பட 26 மருந்து மூலப்பொருள்கள், மருந்துகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அந்தச் சரக்கை எதிர்பார்த்து மூன்றாம் ஆளுக்கு வாக்குக் கொடுத்தவர் கதி என்ன? பதில் முழுக்க அந்த விதியின் வாசகத்தில்தான். சிங்கப்பூரின் பழைய உதாரணம் மருந்தே இல்லை, மணல். 2007இல் இந்தோனீசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது கான்கிரீட் விநியோகம் நின்றது, வழக்குகள் வந்தன. அவற்றில் ஹோல்சிம் வழக்கில் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விநியோகித்தவர் பக்கம் நின்றது. காரணம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வாசகம் அந்த நிலைமையைத் தாங்கும் அளவுக்கு அகலமாக இருந்தது. கொள்முதல் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்தே ஆக வேண்டும். மூலப்பொருள் எதுவானாலும் தர்க்கம் அதேதான்.

மூன்றாவது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை. தொற்று தணிந்ததும் எல்லா நாடுகளுக்கும் சரக்கு மிஞ்சும். இது புதிதில்லை. 2009 எச்1என்1 தொற்றின்போது பிரான்ஸ் 94 மில்லியன் ஊசிகளுக்குச் சொல்லிவைத்து, 2010 ஜனவரியில் 50 மில்லியனை ரத்து செய்தது. கொவிட் ஒப்பந்தங்களில் அந்த வாசல் அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. வாங்க மறுத்த போலந்தின் மீதும் ஹங்கேரியின் மீதும் 2023இல் ஃபைசர் பிரசல்ஸில் வழக்குத் தொடுத்தது. போலந்திடம் கேட்டது சுமார் 1.3 பில்லியன் யூரோ.

முன்பணம் திரும்ப வருமா என்பதும் இதோடு ஒட்டியது. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கும் 'காவி' கூட்டணி, அமெரிக்கத் தடுப்பூசி நிறுவனமான நோவாவேக்ஸிடம் 350 மில்லியன் ஊசிகளுக்குச் சொல்லி, ஏறக்குறைய 700 மில்லியன் டாலர் முன்பணம் கொடுத்திருந்தது. சரக்கு தாமதமானது, தேவையும் போய்விட்டது. 2022 நவம்பரில் நோவாவேக்ஸ் ஒப்பந்தத்தை முறித்தது. 'காவி' நடுவர் மன்றத்துக்குப் போனது. 2024 பிப்ரவரியில் அதிகபட்சம் 475 மில்லியன் டாலர், அதுவும் 2028 வரை தவணையில், என்று முடிந்தது. நடுவர் மன்றம் மூடிய அறை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் படிக்கும் செய்தி பனிப்பாறையின் நுனிகூட இல்லை.

மூன்றாம் படி: கணக்கறிக்கையை மூன்று ஆண்டுகளாகச் சேர்த்துப் படியுங்கள்

ஒரே ஆண்டின் லாபத்தைப் பார்த்துக் கோபப்படுவதும் ஆசைப்படுவதும் இரண்டுமே தப்பு. ஃபைசரின் வருவாய் 2021இல் 81.3 பில்லியன் டாலர், 2022இல் 100.3 பில்லியன், 2023இல் 58.5 பில்லியன். அதன் கொவிட் மாத்திரையான பேக்ஸ்லோவிட் மட்டும் 2022இல் 18.9 பில்லியன் டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டு அது 1.3 பில்லியன் அளவுக்கு இறங்கியது. 2023இன் மூன்றாம் காலாண்டில் தேங்கிய கொவிட் சரக்குக்காக 5.6 பில்லியன் டாலரைக் கம்பெனி கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. வருவாய் வரியை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். சரக்குத் தள்ளுபடி என்ற சொல்லைத் தேடிப் பழகுங்கள்.

மொடர்னா இன்னும் கூர்மையான கதை. 2019இல் 60 மில்லியன் டாலர் வருவாய். 2021இல் 18.5 பில்லியன் டாலர் வருவாய், 12.2 பில்லியன் லாபம். 2023இல் 4.7 பில்லியன் நட்டம். பங்கு விலை 2021 ஆகஸ்டில் 480 டாலரைத் தொட்டது, 2025இல் 30 டாலருக்குக் கீழே கிடந்தது. அக்கம்பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூர்ச் சந்தையிலும் பட்டியலிட்டுள்ள மலேசியக் கையுறை நிறுவனம் டாப் குளோவ். 2021 நிதியாண்டில் 7 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் லாபம், 2023இல் நட்டம். கையுறை மருந்து இல்லைதான். ஆனால் நம் ஆட்கள் பலர் உச்சத்தில் வாங்கியது அந்தப் பங்குகளைத்தான் என்பதால் சொல்கிறேன். மத்திய சேமநிதிப் பணத்தை முதலீட்டுத் திட்டத்தில் எடுத்துப் போடுவதற்கு முன், உச்ச ஆண்டுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னும் பின்னும் பாருங்கள்.

எல்லா மருந்தும் பெருந்தொற்றில் ஓடாது என்பதையும் மறக்க வேண்டாம். அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டார்கள், மருத்துவமனை மருந்துகளின் தேவை குறைந்தது. முகக்கவசமும் வீட்டடைப்பும் சளிக்காய்ச்சலையே காணாமல் ஆக்கின. தொற்று மருந்து இல்லாத கம்பெனிக்கு அது மெலிந்த காலம்.

ஆலைகள்? அவை மெதுவாக வரும், மெதுவாகப் போகும். 2021 ஏப்ரலில் சனோஃபி இங்கே தடுப்பூசி ஆலைக்கு 400 மில்லியன் யூரோ என்று அறிவித்தது. அடுத்த மாதம் பயோஎன்டெக்கும் ஓர் ஆலையை அறிவித்தது, 2022 நவம்பரில் துவாஸில் நோவார்ட்டிஸின் ஆலையை வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. அறிவிப்பு வரும் ஆண்டில் தேவை உச்சத்தில் இருக்கும், ஆலை தயாராகும் ஆண்டில் இறங்கியிருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நேர்காணலில் நீங்களே கேட்கலாம்: இந்த ஆலையில் கொவிட் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

நான்காம் படி: காப்புரிமைச் சண்டையை இரண்டாகப் பிரியுங்கள்

முதல் சண்டை நாடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் இடையில். 2020 அக்டோபர் 2ஆம் தேதி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில், கொவிட் தொடர்பான காப்புரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கேட்டன. இழுபறிக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த முடிவு தடுப்பூசிகளோடு நின்றுவிட்டது. அதற்குள் பல நாடுகளில் தடுப்பூசி மிஞ்ச ஆரம்பித்திருந்தது. இதற்கிடையே கம்பெனிகளே முன்வந்து மற்றத் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்தன. மெர்க்கின் கொவிட் மாத்திரையான மோல்னுபிராவிருக்கு 105 நாடுகள், ஃபைசரின் பேக்ஸ்லோவிட்டுக்கு 95 நாடுகள் என்று பட்டியல் போட்டார்கள். பணக்கார நாடு என்பதால் சிங்கப்பூர் அதில் இல்லை. இந்தியாவில் கிடைக்கும் மலிவு மாத்திரை இங்கே ஏன் வராது என்று கேட்கிறவர்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிங்கப்பூர் கையில் ஆயுதமே இல்லையா? இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, தேசிய நெருக்கடி நேரத்திலோ லாப நோக்கமற்ற பொதுப் பயனுக்கோ, அரசாங்கமும் அது எழுத்து மூலம் அனுமதித்தவரும் காப்புரிமை பெற்ற பொருளைப் பயன்படுத்தலாம். உரிமையாளருக்கு ஊதியம் கொடுக்க வேண்டும். ஆனால் காகிதத்தில் உரிமை இருந்தால் ஃபைசர், மொடர்னா செய்யும் எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசி வந்துவிடாது. செய்முறை, இயந்திரம், மூலப்பொருள் எல்லாம் கம்பெனியிடம் இருக்கின்றன. அதோடு, மருந்து நிறுவனங்களை அழைத்து ஆலை கட்டச் சொல்லும் நாடு அந்த ஆயுதத்தை உறையிலேயே வைத்திருக்கத்தான் விரும்பும். இது என் கருத்து.

இரண்டாவது சண்டை கம்பெனிகளுக்குள். பணம் பெரிதாகப் புழங்குவது இங்கேதான்.

2020 அக்டோபரில் மொடர்னா, பெருந்தொற்று நீடிக்கும்வரை தன் கொவிட் காப்புரிமைகளை யார் மேலும் பிரயோகிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது. நல்ல பேர் வாங்கியது. 2022 மார்ச்சில் அந்த வாக்கைச் சுருக்கி, ஏழை நாடுகளுக்கு மட்டும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபைசர் மீதும் பயோஎன்டெக் மீதும் மாசசூசெட்ஸிலும் டுசல்டார்ஃபிலும் வழக்குப் போட்டது. அதன் பிறகு நடந்ததைப் பார்த்தால், காப்புரிமை வழக்கு ஏன் ஒரே வரியில் முடியாது என்று புரியும். லண்டன் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் மொடர்னாவின் ஒரு காப்புரிமை செல்லும், இன்னொன்று செல்லாது என்றது. 2025 மார்ச்சில் டுசல்டார்ஃப் மொடர்னா பக்கம் தீர்த்தது. அதே மாதம் அமெரிக்கக் காப்புரிமை மன்றம் மொடர்னாவின் இரண்டு காப்புரிமைகள் செல்லாது என்றது. "மொடர்னா ஜெயித்தது" என்ற தலைப்பைப் பார்த்தால் எந்த நாடு, எந்தக் காப்புரிமை என்று கேளுங்கள்.

மொடர்னாவும் பிரதிவாதிதான். எம்ஆர்என்ஏவைச் சுற்றியிருக்கும் கொழுப்பு நுண்துகள் எங்களுடையது என்று ஆர்புட்டஸ், ஜெனிவன்ட் என்ற இரண்டு நிறுவனங்கள் 2022 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தன. அதற்கு மொடர்னாவின் பதில் சுவாரசியமானது: அரசாங்கத்துக்காகச் செய்த சரக்கு இது, ஆகவே அரசாங்கத்தைக் கேளுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு வழி உண்டு. ஆரம்பக் கட்டத்திலேயே அதை வைத்து வழக்கைச் சுருக்க நீதிபதி மறுத்தார். பார்த்தீர்களா, கொள்முதல் ஒப்பந்தம் காப்புரிமை வழக்குக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்லாம் தீர்ப்பு வரை போவதில்லை. மொடர்னா 2022 டிசம்பரில் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்துக்கு 400 மில்லியன் டாலர் உரிமத் தொகை கட்டியது. பயோஎன்டெக் 2024 டிசம்பரில் அதே கழகத்துக்கு 791.5 மில்லியனும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு 467 மில்லியனும் தர ஒப்புக்கொண்டது. 2025 ஆகஸ்டில் கியூர்வேக்குக்கும் மருந்து நிறுவனமான ஜிஎஸ்கேவுக்கும் 740 மில்லியன் டாலர் தந்து சமரசமானது. தடுப்பூசியில் தோற்ற கியூர்வேக் காப்புரிமையில் காசு பார்த்தது. அறிவியலில் தோற்றால் பணத்திலும் தோற்றதாக அர்த்தம் இல்லை.

ஐந்தாம் படி: ஊசியால் பாதிக்கப்பட்டவர் யாரிடம் கேட்பது?

1976இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் பயம் வந்தபோது, காப்பீட்டு நிறுவனங்கள் தடுப்பூசித் தயாரிப்பாளர்களுக்குக் காப்பீடு தர மறுத்தன. காப்பீடு இல்லாமல் சரக்கு வெளியே போகாது என்றார்கள். கடைசியில் அரசாங்கமே பொறுப்பை ஏற்கச் சட்டம் போட்டது. சுமார் 45 மில்லியன் பேருக்கு ஊசி போட்ட பிறகு, கீலன்-பாரே என்ற நரம்புப் பாதிப்புப் புகார்களால் அந்த டிசம்பரில் திட்டம் நின்றது. எதிர்பார்த்த அளவு தொற்று வரவே இல்லை, இழப்பீட்டு வழக்குகள் மட்டும் வந்தன. பொறுப்பு விலக்கு என்ற யோசனைக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

கொவிட்டில் அமெரிக்கா 2020 பிப்ரவரி 4ஆம் தேதியிலிருந்து செல்லும்படி அறிவிப்பு வெளியிட்டு, தயாரிப்பாளருக்கும் ஊசி போடுபவருக்கும் பாதுகாப்புக் கொடுத்தது. வேண்டுமென்றே செய்த தவறு மட்டும் விதிவிலக்கு. "கேஸே போட முடியாது" என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே ஆஸ்ட்ராசெனகா மீது பாதிக்கப்பட்டவர்கள் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார்கள்.

சிங்கப்பூர் தனி வழி. சுகாதார அமைச்சு, தடுப்பூசிப் பாதிப்பு நிதியுதவித் திட்டத்தை வைத்தது. மரணம் அல்லது நிரந்தரக் கடும் உடற்குறைக்கு 225,000 வெள்ளி வரை, தீவிரச் சிகிச்சைப் பிரிவு அளவுக்குப் போய்க் குணமானால் 10,000 வெள்ளி, மருத்துவமனையில் சேர்ந்து குணமானால் 2,000 வெள்ளி என்ற கணக்கு. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. பக்கவிளைவுக்கும் ஊசிக்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவக் குழு பார்க்கும்.

சரி, நீதிமன்றம் போனால்? இங்கே அமெரிக்கப் பாணியில் ஆயிரம் பேர் சார்பாக ஒரே வழக்கு நடத்தும் வசதி இல்லை. ஜூரி இல்லை. ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் பங்கு என்று வழக்கறிஞர் பேசிக்கொள்ள முடியாது. பொருளில் குறை இருந்தாலே தயாரிப்பாளர் பொறுப்பு என்று சொல்லும் தனிச் சட்டமும் இல்லை, கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். உடல் பாதிப்புக்குக் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள். அமெரிக்க வழக்கறிஞர் விளம்பரத்தை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு யாராவது, "அண்ணே, நாமளும் சேர்ந்துக்கலாமா?" என்று கேட்டால், இதையெல்லாம் சொல்லிவிட்டு இங்குள்ள வழக்கறிஞரிடம் அனுப்புங்கள்.

பங்குதாரர் வழக்கு என்று ஒரு வகை மிச்சம் இருக்கிறது. கம்பெனி மிகைப்படுத்திப் பேசிப் பங்கை ஏற்றியது என்ற புகார். அமெரிக்காவில் 2020 மார்ச்சிலேயே தடுப்பூசி நிறுவனமான இனோவியோ மீது இப்படி வந்தது. பல தள்ளுபடியாகும், மிச்சம் பெரும்பாலும் சமரசத்தில் முடியும். ஆரம்பத்தில் இவற்றுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம்.

ஆறாம் படி: நீங்களே தேடிப் பார்க்க

எல்லாமே இலவசம். அமெரிக்காவில் பட்டியலிட்ட கம்பெனியின் ஆண்டறிக்கை அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் கிடைக்கும். முந்நூறு பக்கம் பார்த்து மிரள வேண்டாம். ஆபத்துகள் பற்றிய பகுதி, சட்ட நடவடிக்கைகள் பற்றிய குறிப்பு, சரக்கிருப்புக் குறிப்பு ஆகிய மூன்றை மட்டும் முதலில் படியுங்கள். ஒப்பந்தங்களின் நகல் இணைப்பாக இருக்கும். முக்கியமான எண்களை நட்சத்திரக் குறிகளால் மறைத்திருப்பார்கள். மறைக்காத வரிகளே போதுமான அளவு பேசும்.

சிங்கப்பூர்ச் சட்டங்கள் சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன் தளத்தில் உள்ளன. தீர்ப்புகள் இ-லிட்டிகேஷன் தளத்தில். ஹோல்சிம், கேஎஸ் எனர்ஜி இரண்டையும் அங்கே தேடலாம். எந்த மருந்து இங்கே பதிவாகியிருக்கிறது என்று சுகாதார அறிவியல் ஆணையத்தின் பதிவேட்டிலும், எந்தக் காப்புரிமை இங்கே உயிரோடு இருக்கிறது என்று அறிவுசார் சொத்து அலுவலகத்தின் தேடுதளத்திலும் பார்க்கலாம். ஒரு மருந்துக்கு ஒரே காப்புரிமைதான் என்று நினைத்துத் தேடாதீர்கள். மூலக்கூறு, செய்முறை, பயன்பாடு, பொதியும் முறை என்று நான்கைந்து இருக்கும். ஒவ்வொன்றும் வேறு தேதியில் முடியும்.

பழகுவதற்கு நோவாவேக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைசர் மிகப் பெரிது, நூறு தொழில்களுக்குள் கொவிட் மறைந்துவிடும். நோவாவேக்ஸ் சிறியது, அதன் கணக்கில் கொவிட்டைத் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லை. 2020 முதல் 2024 வரையான ஐந்து ஆண்டறிக்கைகளை இறக்கி, 'காவி' (Gavi) என்ற பெயரைத் தேடுங்கள். முன்பணம் முதலில் எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது, ஒப்பந்தம் முறிந்ததும் எங்கே நகர்கிறது, சமரசத்துக்குப் பிறகு என்னவாகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.